கரண்ட் போனால் தண்ணி வரும்: ஒரு குட்டி அணைக்கட்டின் கீழே இரண்டு இரவு

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் நாலு போட்டிருப்பேன், அறைக்கும் நாலு, குளிக்கிற இடத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் தண்ணி ஐஸ் மாதிரி இருந்ததற்காக. இடத்தின் பேரை எழுதப் போவதில்லை. முதலாளியோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மனுசன் கடைசியில் மரியாதையாகத்தான் கதைத்தார். பேரைப் போட்டால் நீங்கள் அந்த ஒரு இடத்தை விட்டுவிட்டு, இதே மாதிரி இன்னொரு இடத்துக்குப் போய்ப் பிள்ளைகளைத் தண்ணிக்குள் இறக்குவீர்கள், அதில் யாருக்கு என்ன லாபம்?

இடம் பதியத்தலாவைக்கு அங்கால், மலை தொடங்குகிற பக்கம். அம்பாறை மாவட்டம் எங்கே முடிகிறது, பதுளை எங்கே தொடங்குகிறது என்று பாதையோரப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஓடை, அதைக் குறுக்கே மறித்துத் தனியார் ஒருவர் கட்டின சின்ன நீர்மின் அணைக்கட்டு, அதற்குக் கீழே அவரே கட்டின நாலு அறைத் தங்குமிடம். விளம்பரத்தில் ‘இயற்கை நீச்சல் தடாகம்’ என்று போட்டிருந்தது. படத்தில் பச்சைத் தண்ணி, உருண்டைக் கற்கள், மேலே வெள்ளையாக வழிகிற அருவி. அந்த அருவி கொங்கிறீட்டில் கட்டினது என்று படத்தைப் பார்த்து எங்களுக்கு விளங்கவில்லை. அத்தானுக்கு மட்டும் விளங்கியது, ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. அணைக்கட்டு பார்க்கலாம் என்ற சந்தோசம் அவருக்கு.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த விமர்சனமே இல்லை. அக்காவின் கணவர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று எங்கள் பக்கத்துக் குளம் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. பாதையில் குளக்கட்டு ஒன்று தெரிந்தால் வாகனத்தை நிற்பாட்டச் சொல்லுவார். 2025 பெரிய வெள்ளி லீவோடு சேர்த்து ஏழு பேர் ஒரு வான் பிடித்துக் கல்லடியில் இருந்து விடியக் கிளம்பினோம். குளம் நிறைந்து வழிகிற இடத்துக்கும் எங்கள் ஊரில் வான் என்றுதான் பேர், ஆகவே ‘வானில ஏறி வான் பார்க்கப் போறம்’ என்று அத்தான் ஏறும்போதே பகிடி விட்டார், அந்த ஒரு பகிடி செங்கலடிச் சந்தி வரைக்கும் ஓடியது. அப்புறம் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றில் ஒரு மணித்தியாலம், பத்து மணி போல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அறை துப்புரவு. மெத்தை கெட்டி, நுளம்பு வலையில் ஓட்டை இல்லை, குளியலறைப் பைப்பில் தண்ணி நின்றதே இல்லை, அணைக்கட்டுக்குக் கீழே இருந்துகொண்டு அதுவும் நின்றால் கேவலம். சமைக்கிற அம்மா லுணுகலைப் பக்கத் தோட்டத்து ஆள். காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், பகல் சோற்றுக்குப் பிஞ்சுப் பலாக்காய்க் கறி, அந்தக் கறிக்காகவே திரும்பிப் போகலாம். மீன் மட்டும் சரிவரவில்லை. பக்கத்துக் குளத்துத் திலாப்பியா, பொரித்து வைத்தார், மட்டக்களப்பானுக்கு மீன் போட்டுப் பேர் வாங்குகிற அலுவல் யாருக்கும் லேசில்லை, ஆகவே அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் பின்னேரமே அத்தான் பவர்ஹவுசில் நின்ற பொடியனைப் பிடித்துவிட்டார். சிங்களப் பொடியன், இருபத்தைந்து வயது இருக்கும், அத்தான் ‘மல்லி’ (சிங்களத்தில் தம்பி) என்று தோளில் கைபோட்டு, திணைக்களத்தில் பழகின சிங்களத்தில் கதைக்கத் தொடங்க, அவனும் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவன் போல எல்லாவற்றையும் காட்டினான். இந்த வகை நிலையத்தில் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. ஓடையில் வருகிற தண்ணியை நாலு மீற்றர் உயரத் தடுப்பணை மறிக்கிறது, கரையில் இருக்கிற வாயால் தண்ணி உள்ளே போகிறது, இலை குப்பை போகாமல் கம்பிச் சல்லடை, மண் படிய ஒரு தொட்டி, பிறகு மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு கிலோமீற்றர் போல வாய்க்கால், முடிவில் இன்னொரு தொட்டி, அங்கிருந்து இரும்புக் குழாய் செங்குத்தாகக் கீழே இறங்கி, மின்சாரம் செய்கிற சக்கரத்தை, அதாவது சுழலியை, சுற்றுகிறது. வேலை முடிந்த தண்ணி பவர்ஹவுசுக்குக் கீழே திரும்ப ஓடையில் விழுகிறது. ஆகக்கூடினால் 800 கிலோவாட் என்றான்.

அத்தான் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டார். நூறு மீற்றர் உயரத்தில் இருந்து செக்கனுக்கு ஒரு கன மீற்றர் தண்ணி விழுந்தால், இயந்திரத்தில் போகிற நட்டத்தைக் கழித்துவிட்டால், கிட்டத்தட்ட 800 கிலோவாட்தான் வரும். ஒரு கன மீற்றர் தண்ணி என்றால் ஒரு தொன். அதாவது செக்கனுக்கு ஒரு தொன் தண்ணி அந்தக் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. நான் தலையாட்டினேன். இந்த ஒரு தொன் வேறு எங்கே போகும் என்று அப்போது எனக்கு யோசனை ஓடவில்லை.

யோசித்துப் பாருங்கள். அணைக்கட்டுக்கும் பவர்ஹவுசுக்கும் இடையில் உள்ள ஓடைத் துண்டில் தண்ணி ஏன் இவ்வளவு அழகாக, கணுக்கால் அளவில், கல் தெரிய ஓடுகிறது? பெரும்பகுதித் தண்ணியைக் குழாய் குடித்துவிட்டதால்தான். தங்குமிடத்து ‘இயற்கைத் தடாகம்’ அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளையைக்கூட நம்பி இறக்கலாம் போல இருக்கும், கிடங்கு இல்லை, சுழி இல்லை. ஆனால் அது ஓடையின் உண்மையான அளவு இல்லை, சுழலி சுற்றுகிற வரைக்கும் உள்ள அளவு.

சனிக்கிழமை பத்தரை போல. பிள்ளைகள் மூன்று பேரும் தண்ணிக்குள், என் சின்னவனுக்கு ஒன்பது வயது, அவன் செருப்பை ஒரு தட்டைக் கல்லில் கழற்றி வைத்துவிட்டுக் கற்களை அடுக்கி அவனும் ஒரு அணைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். மனுசியும் அக்காவும் காலை நனைத்துக்கொண்டு ஊர்க்கதை. நான் தண்ணிக்குள் நீட்டிப் படுத்திருந்தேன். அத்தான் மேலே விறாந்தையில் பிளேன்ரீ கோப்பையோடு. மேலே ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. அவ்வளவுதான் நடந்தது, பாட்டு நின்றது.

“தம்பி! பிள்ளையள ஏத்துகா, கெதியா!”

அத்தான் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பாம்பு என்று நினைத்து “எங்கத்தான், எங்க?” என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். “கரண்ட் போயிட்டு, ஏறு!” என்கிறார். கரண்ட் போனால் குளிக்கக் கூடாதா என்று என் மகள் முணுமுணுத்தாள், நானும் மனதுக்குள் அதைத்தான் கேட்டேன். ஆனாலும் ஏறினோம். அதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் போனதற்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் தண்ணி பார்த்துக் குரல் கொடுத்தால் யாரும் நின்று வாய் காட்டுவதில்லை.

ஏறி நின்று துவாயால் தலை துடைத்து, அத்தானோடு இரண்டு சொல் கொழுவவும் நேரம் இருந்தது. எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் இருக்கும். முதலில் அணைக்கட்டு விளிம்பில் வெள்ளைக் கோடாக வழிந்தது தடித்தது. படத்தில் காட்டுவது போலச் சுவராகத் தண்ணி வரவில்லை, சத்தம்கூடப் பெரிதாக இல்லை, அதுதான் பயம். இலைச் சருகும் நுரையும் ஒரு கோடாக முன்னுக்கு வந்தது, சின்னவன் கட்டின அணைக்கட்டு இருந்தது, பிறகு இல்லை. செருப்பு வைத்த தட்டைக் கல் ஓரம் நனைந்தது, நடுவும் நனைந்தது, ஒரு செருப்பு எழும்பி மெல்லத் திரும்பிப் போகத் தொடங்கியது, அவன் ஒரு அடி எடுத்து வைக்க மனுசி அவன் சேட்டைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். கணுக்கால் அளவாக இருந்த இடத்தில் எனக்குத் தொடை அளவு, அவனுக்கு இடுப்பு. நின்ற தண்ணி என்றால் இடுப்பளவு ஒன்றுமில்லை. ஓடுகிற தண்ணியில், பாசி பிடித்த உருண்டைக் கல்லுக்கு மேல் இடுப்பளவு என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை நிற்காது, நானே நிற்பேனா தெரியாது.

நடந்தது என்ன என்று அத்தான் பிறகு சொன்னார், மல்லியும் ஆமாம் என்றான். இந்த நிலையங்கள் மின்சாரத்தைத் தேசிய வலையமைப்புக்குள் கொடுக்கின்றன. வலையமைப்பில் கரண்ட் போனால் இவர்களுக்குக் கொடுக்க இடம் இல்லை, பாரம் இல்லாத சுழலி வெறி பிடித்த மாதிரிச் சுற்றத் தொடங்கும், ஆகவே அந்தக் கணமே தண்ணியை அடைக்க வேண்டும், இயந்திரம் தானே அடைக்கும். குழாய் குடிக்காத தண்ணி மேல் தொட்டியில் நிரம்பும், வாய்க்கால் வாயை மூடுவார்கள், அந்தச் செக்கனுக்கு ஒரு தொன் முழுவதும் அணைக்கட்டுக்கு மேலால் பழைய ஓடையிலேயே வரும். யாரும் தவறு செய்யவில்லை, எதுவும் உடையவில்லை. எல்லாம் செய்ய வேண்டியதைச் செய்தன. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்தது என்று மந்திரி சொன்னாரே, நாங்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோமே, அன்றைக்கு இந்தத் தடாகத்தில் யாராவது குளித்துக்கொண்டிருந்தார்களா என்று நான் மல்லியிடம் கேட்டேன். அவனுக்கு எப்படித் தெரியும்? பவர்ஹவுசில் இருந்து தடாகம் தெரியாது.

இப்போது இந்த விமர்சனத்தின் முக்கியமான பகுதி. தங்குமிட முகாமையாளர் மேலே இருந்து ஓடி வந்தார், வாயில் விசில். வந்து எல்லோரும் கரையில் நிற்பதைக் கண்டதும் முகம் தெளிந்தது.

“சைரன் இருக்குத்தானே?” என்று கேட்டேன்.

“இருக்கு சேர். அந்தா, அந்தத் தூணில.”

“ஏன் அடிக்கேல்ல?”

“அது கரண்ட்ல வேலை செய்யிறது சேர்.”

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அக்காதான் முதலில் சிரித்தாள்.

பிறகு அவரே சொன்னார், முன்பு பற்றரி இருந்ததாம், செத்துப் போய் ஒரு வருஷமாம். மின் நிலையம் ஒரு கணக்கு, தங்குமிடம் இன்னொரு கணக்கு, பற்றரி யார் கணக்கு என்பதில் நின்றுவிட்டதாம். முகாமையாளரின் போனில் பவர்ஹவுஸ் இலக்கம் இல்லை. மல்லியின் போனில் முகாமையாளரின் இலக்கம் இல்லை. அத்தான் இரண்டு பேரையும் கூப்பிட்டு அதே இடத்தில் இலக்கம் மாற்றிக்கொள்ள வைத்தார். நான் கொடுக்கிற இரண்டு நட்சத்திரத்தில் அரை அந்த இரண்டு பேரும் வெட்கப்பட்டதற்கு.

பகல் சாப்பிட்டதும் அத்தான் அணைக்கட்டைப் பார்க்கக் கிளம்பினார், நானும் பின்னால். நடுவில் கொங்கிறீட், அது பரவாயில்லை. இடது கரையில் அதோடு சேர்ந்த மண்கட்டு ஒன்று இருக்கிறது, ஒரு முப்பது மீற்றர் நீளம், அதில்தான் அவர் கண். கட்டின் மேல் மூன்று மரம், ஒன்று தொடையளவு. மரம் இருந்தால் கட்டுக்குப் பலம் என்று நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும்போது வேர் கட்டைப் பிளக்கிறது, செத்த பிறகு வேர் உக்கி, வேர் இருந்த இடம் குழாயாகிறது, காற்றில் சாய்ந்தால் கட்டில் ஒரு கூடை மண்ணைப் பிடுங்கிக்கொண்டு சாய்கிறது என்றார். புற்று ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தார். கதவைத் தூக்குகிற சக்கரத்தில் துரு, பூட்டுப் போட்ட சங்கிலி, திறப்பு பவர்ஹவுசில், ஒரு கிலோமீற்றர் தள்ளி. சல்லடைக் கம்பியில் இலையும் இரண்டு சோடாப் போத்தலும்.

கட்டின் கீழ்ப்பக்கம் புல் எல்லாம் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்க, ஒரு பாய் அளவு இடம் மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. அத்தான் அங்கே குந்திவிட்டார். விரலால் கிண்டினார், தண்ணி ஊறியது. என்னிடம் வெறும் தண்ணிப் போத்தலைக் கேட்டு வாங்கி, மூடியால் அள்ளி அள்ளி அரைவாசி நிரப்பி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது.

“தம்பி, மண்கட்டெண்டா கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியிறது தெளிஞ்ச தண்ணியெண்டா இருந்து பாக்கலாம். கலங்கி வந்தா, கட்டு உள்ளுக்க இருந்து கரையுது எண்டு அர்த்தம். மறுகா நேரமில்ல.”

அந்தப் போத்தலை இரவு முழுக்க மேசையில் ஆடாமல் வைத்திருந்தார், பிள்ளைகள் கிட்டப் போனால் அதட்டல். அடியில் மண் படிகிறதா என்று பார்க்க. கசிவு எவ்வளவு என்று மாதம் ஒருக்கா ஒரு வாளியையும் மணிக்கூட்டையும் வைத்து அளந்து கொப்பியில் எழுதினால் போதும், கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும், அதற்கு இஞ்சினியர் தேவையில்லை என்றார். மல்லியிடம் கொப்பி இருக்கிறதா என்று கேட்டதற்கு, எத்தனை அலகு மின்சாரம் ஓடியது என்று மணிக்கு மணி எழுதின கொப்பியைக் கொண்டு வந்து காட்டினான். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அன்று இரவு விறாந்தையில் கதை கந்தளாய்க்குப் போனது. விடிந்தால் ஏப்ரல் 20. 1986இல் அதே திகதி, விடியப்புறம் மூன்று மணி போல, கந்தளாய்க் குளக்கட்டு உடைத்தது. சனம் நித்திரை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அத்தான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கந்தோரில் இருந்து சொன்னதைக் கேட்ட ஆள். அதற்குப் பிறகு எந்தக் கட்டில் நடந்தாலும் முதலில் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்க்கப் பழகினாராம்.

கந்தளாய் பெரிய குளம் அத்தான், இது கையகலம்தானே என்றேன். அதற்கு அவர் சொன்ன கதையைத்தான் ஊருக்கு வந்தும் வாசித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஈடன்வில் அணைக்கட்டு. 1924இல் கட்டினது, தனியார் கம்பனி ஒன்றின் சொந்தம், 4.8 மெகாவாட். எங்கள் நாட்டில் 10 மெகாவாட்டுக்குக் கீழே என்றால் சிறு நீர்மின் நிலையம் என்கிறோமே, அந்தக் கணக்கில் அதுவும் சிறிசுதான். பெருவெள்ளம் வந்தால் கடத்துவதற்கு அதன் வான் காணாது என்று மத்திய ஒழுங்குமுறை ஆணைக்குழு வருஷக்கணக்காகச் சொல்லியும் உரிமையாளர் பெருப்பிக்கவில்லை, கடைசியில் 2018இல் மின் உற்பத்தி உரிமத்தைப் பறித்தார்கள். சரியான தண்டனை மாதிரித்தான் தெரிகிறது, இல்லையா? ஆனால் உரிமம் போனதும் மின்சாரம் விற்ற வருமானம் போனது, பார்க்கிற பொறுப்பு மத்திய அரசிடம் இருந்து மாநிலத்துக்குக் கைமாறியது, தண்ணி மட்டும் எங்கேயும் போகவில்லை. 2020 மே 19, நல்ல மழைக்குப் பிறகு, மண்கட்டின் ஒரு பகுதி சரிந்து அணை உடைத்தது. தண்ணி கட்டுக்கு மேலால் பாயவில்லை. நனைந்த தளர்ந்த மண் திடீரென்று கூழாகிப் பலம் விட்டது என்று ஆராய்ந்த குழு பிறகு சொன்னது. அந்தத் தண்ணி போய்க் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணைக்கட்டையும் கொண்டுபோனது. பத்தாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

ஒருவரும் சாகவில்லை. அத்தான் அழுத்திச் சொன்னது இதைத்தான். கட்டு கெட்டது, கம்பனி கெட்டது, கண்காணிப்பும் கெட்டது, ஆனாலும் கீழே இருந்த சனத்துக்கு நேரத்தோடு ஆள் போய்ச் சொன்னது. கந்தளாயில் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு விசயம் நன்றாகவே நடக்கிறது என்பதை அங்கே இருந்துதான் யோசித்தேன். மாரியில் உன்னிச்சையின் வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்றால் இத்தனை அடி திறக்கிறார்கள், தாழ்நிலத்து ஆக்கள் கவனம் என்று செய்தி வரும், கோயில் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள், பள்ளிவாசலில் சொல்லுவார்கள், வயல் தண்ணியைப் பார்க்கிற வட்டவிதானை போன் எடுப்பார், மாடு கட்டியிருக்கிற ஆக்கள் அவிழ்க்க ஓடுவார்கள். பத்துத்தரம் கேட்டு நாங்கள் சலித்துக்கொள்வோம். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் ஏறக்குறைய 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி தண்ணி பிடிக்கிற குளம், ஒரு ஏக்கர் அடி என்றால் ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி கட்டுகிற அளவு. அதன் கீழே உள்ள மின் நிலையம் 11 மெகாவாட்தான், அதுவும் வேளாண்மைக்குத் திறக்கிற தண்ணி போகிற வழியில் சுற்றிவிட்டுப் போவதால் கிடைப்பது. அந்தப் பெரிய தண்ணிக்குக் கீழே பிறந்து வளர்ந்த எனக்கு, நாலு மீற்றர் தடுப்பணையின் கீழே பயம் வரவில்லை. உலகக் கணக்கில் பெரிய அணை என்ற பேர் பொதுவாக 15 மீற்றரில்தான் தொடங்குகிறது, பெரிய பேருக்குத்தான் பெரிய கவனிப்பு. சின்னதற்குக் கீழே குளிக்கிற பிள்ளைக்கு ஒரு மீற்றர் தண்ணி போதும்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: இந்தச் சின்ன நிலையங்களுக்கு நான் எதிரி இல்லை. 1996 தொடக்கம் தனியார் இப்படி மின்சாரம் செய்து தேசிய வலையமைப்புக்கு விற்கிறார்கள், டீசல் எரிக்காமல் வருகிற கரண்ட், நல்லதுதான். கோபம் எனக்கு அந்தத் தடாகத்தை ‘இயற்கை’ என்று விற்றதில்.

ஞாயிறு காலை போத்தலைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒன்றும் இல்லை, கண்ணாடி மாதிரித் தண்ணி. அத்தானின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவர் இரவு சரியாகப் படுக்கவில்லை என்று விளங்கியது. கணக்கு முடிக்கும்போது முதலாளி போனில் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், ஒரு இரவுக் காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். காசு வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பற்றரி வாங்குங்கள் என்று அத்தான் போனைப் பறித்துச் சொன்னார். மரத்தை வெட்டச் சொன்னார், கொப்பி வைக்கச் சொன்னார், தடாகத்துப் பக்கம் மூன்று மொழியிலும் ஒரு பலகை போடச் சொன்னார், கால் மணித்தியாலம் பாடம் நடந்தது. முதலாளி எல்லாவற்றுக்கும் சரி ஐயா என்றார். காசை நான் வாங்கியிருப்பேன், அது வேறு கதை.

நீங்கள் இப்படி ஒரு இடத்துக்குப் போவதாக இருந்தால், பதிவு செய்யும்போதே குளிக்கிற இடம் அணைக்கட்டுக்கும் பவர்ஹவுசுக்கும் நடுவிலா என்று கேளுங்கள். நடுவில் என்றால் சைரன் கரண்ட் இல்லாமல் அடிக்குமா என்று கேளுங்கள், ஒருக்கா அடித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். தண்ணிக்குள் இறங்க முதல் தலைக்கு மேலே மரக்கிளையில் சருகு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், தண்ணி எங்கே வரைக்கும் வரும் என்பதை அதுவே சொல்லும். அத்தான் அதை முதல் நாளே பார்த்துவிட்டுத்தான் பாட்டுக் கேட்கிற தூரத்தில் கதிரை போட்டு இருந்தாராம், எங்களுக்குச் சொன்னால் பிள்ளைகளின் பயணம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லையாம். இதற்கு அக்கா வீடு வரும் வரைக்கும் அவருக்குக் கொடுத்தது தனி.

வார நாளில் போனால் அறை விலை பேசலாம். பலாக்காய்க் கறியை முதல் நாளே சொல்லி வையுங்கள். அங்கே போகிற யாராவது அந்தத் தூணில் இருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்துப் பற்றரி போட்டிருக்கிறார்களா என்று எனக்குச் சொன்னால், இரண்டை மூன்றாக மாற்றிவிடுகிறேன்.